ஏர் ஃப்ரையரில் தைகாக்கு இமோ: ஜப்பானியப் பாகுக் கிழங்கு வீட்டில் செய்ய முழு வழிகாட்டி

சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு துண்டு போட்டு, எண்ணெயில் பொரித்து, சோயா சாஸ் கொஞ்சம் விட்ட சர்க்கரைப் பாகில் புரட்டி, சூட்டோடு சூடாகக் கறுப்பு எள் தூவினால் அது தைகாக்கு இமோ, அதாவது பல்கலைக்கழகக் கிழங்கு. ஜப்பானில் வீட்டிலும் செய்வார்கள், சூப்பர் மார்க்கெட்டில் தயார் உணவு விற்கும் பகுதியிலும் கிடைக்கும், இதை மட்டுமே விற்கும் கடைகளும் உண்டு. வெளியே பளபளவென்று பாகு, அதற்கு அடியில் மெல்லிசாக ஒரு மொறுமொறு ஓடு, உள்ளே மாவாக உதிரும் இனிப்பான கிழங்கு. இந்த மூன்றும் ஒரே கடியில் வர வேண்டும்.

ஏர் ஃப்ரையரில் முயற்சி செய்த பலருக்கு இப்படி வருவதில்லை. வெளியே காய்ந்த தோல் மாதிரி இருக்கும், உள்ளே சப்பென்று இருக்கும், பாகு ஒரு பக்கம் கட்டியாகவும் இன்னொரு பக்கம் நசநசவென்றும் கிடக்கும். மெஷின் மேல் குற்றம் இல்லை. எடுத்த எடுப்பில் 200 டிகிரி வைப்பது ஒரு காரணம், கிழங்கில் சர்க்கரையைத் தடவி அப்படியே கூடைக்குள் தள்ளுவது இன்னொரு காரணம். கிழங்குக்கு முதலில் மந்தமான சூடு, அப்புறம் கடும் சூடு. பாகு அடுப்பில்தான், கூடைக்குள் போகவே கூடாது. கீழே நான் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இந்த இரண்டு விஷயத்தைச் சுற்றித்தான்.

கொஞ்சம் பூர்வீகம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பண்டம் ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. சர்க்கரைவள்ளி ஜப்பானுக்கு வந்த பயிர். 1605-ல் நொகுனி சோகன் என்பவர் சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து ரியூக்யூ தீவுகளுக்கு, அதாவது இன்றைய ஒக்கினாவாவுக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து சட்சுமாவுக்கு, இன்றைய ககோஷிமாவுக்குப் போனது. ஜப்பானில் இந்தக் கிழங்குக்கு சட்சுமா இமோ என்றே பேர். 1732-ல் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சம். அதற்குப் பிறகு, நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகன் தொகுகவா யோஷிமுனே காலத்தில் அஓகி கொன்யோ என்ற அறிஞர் 1735-ல் எடோ, அதாவது இன்றைய தோக்கியோ பக்கத்தில் சோதனையாகப் பயிரிட்டுக் காட்டினார். அதிலிருந்து கிழக்கிலும் பரவி, பஞ்சத்தைத் தாங்கும் பயிராக, ஏழைகளின் வயிற்றை நிரப்பும் கிழங்காக ஆனது. தைஷோ காலத்தில், 1912-க்கும் 1926-க்கும் நடுவில், தோக்கியோ பல்கலைக்கழகத்தின் சிவப்பு வாசலுக்கு எதிரே இருந்த ஒரு கடை இப்படிப் பாகில் புரட்டி விற்றது, மாணவர்கள் மொய்த்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மாணவர்களே கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்காகச் செய்து விற்றார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. எப்படியானாலும் மாணவர் பையில் இருக்கும் காசுக்கு வயிறு நிறைய வேண்டும் என்று பிறந்த பண்டம். விலை உயர்ந்த பொருள் எதையும் இதில் சேர்க்கத் தேவையில்லை, சேர்த்தால் ருசி கூடுவதும் இல்லை.

கிழங்கு வாங்கும்போது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஜப்பானியர்கள் சர்க்கரைவள்ளியை வாயில் எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் பிரிப்பார்கள். வெந்ததும் மாவாக உதிர்வது ஹொக்குஹொக்கு. பசை போல் ஈரமாக இழுபடுவது நெத்தோரி. பெனி அசுமா, நருதோ கின்தோகி இரண்டும் முதல் வகை. இப்போது சுட்ட கிழங்குக்குப் பேர்போன பெனி ஹருகாவும், தனேகஷிமா தீவின் அன்னோ இமோவும் இரண்டாவது வகை. தைகாக்கு இமோவுக்கு மாவு வகைதான் சரி. பெனி ஹருகாவிலும் செய்யலாம், ருசி அருமையாக இருக்கும், ஆனால் துண்டின் ஓரங்கள் மழுங்கிப் போகும், பாகில் புரட்டும்போது உடையும்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு ஜப்பானியக் கிழங்கு கிடைப்பது கஷ்டம் இல்லை, டொன் டொன் டொன்கி மாதிரியான ஜப்பானியக் கடைகளில் பாருங்கள். வாசலில் மணக்க மணக்கச் சுட்டு வைத்திருப்பது இதற்கு உதவாது, பச்சைக் கிழங்காக வாங்க வேண்டும். ஜப்பானியக் கிழங்கே கிடைக்காத ஊரில் சிவப்புத் தோல், வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் சதை உள்ள கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சு நிறச் சதை உள்ளதை வேண்டாம் என்றே சொல்வேன். அதில் நீர்ச்சத்து அதிகம், ஏர் ஃப்ரையரில் குழைந்துபோகும், ஓடு பிடிக்காது.

நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் கிழங்காகப் பாருங்கள். நார் வேர் நிறைய முளைத்திருந்தால் உள்ளேயும் நாராக இருக்க வாய்ப்பு உண்டு. அப்போதுதான் தோண்டிய கிழங்கைவிட ஒன்றிரண்டு மாதம் வைத்திருந்த கிழங்குக்கு இனிப்பு கூடுதல். இலையுதிர் காலத்தில் அறுவடை செய்ததைக் குளிர்காலத்தில் சாப்பிடுவதுதான் ஜப்பானில் உச்ச ருசி. வீட்டில் வைப்பதாக இருந்தால் நியூஸ் பேப்பரில் சுற்றிக் காற்றாட வையுங்கள், ஃப்ரிட்ஜ் வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்தக் கிழங்குக்குக் குளிர் தாக்கி உள்ளே கெட்டியாகிவிடும், எவ்வளவு வேக வைத்தாலும் அந்த இடம் வேகாது.

என்னென்ன வேண்டும்

நாலு பேர் டீயோடு சாப்பிடும் அளவு சொல்கிறேன்.

சர்க்கரைவள்ளி 500 கிராம், நடுத்தர அளவில் இரண்டு இருக்கும்
வாசனை இல்லாத எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி
வெள்ளைச் சர்க்கரை 60 கிராம், தலை தட்டி ஐந்து மேசைக்கரண்டி
தண்ணீர் 2 மேசைக்கரண்டி
தேன் 1 மேசைக்கரண்டி, மிசு அமே கிடைத்தால் அது இன்னும் நல்லது
சோயா சாஸ் 1 தேக்கரண்டி
வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி
கறுப்பு எள் 2 தேக்கரண்டி

இதில் தேனும் வினிகரும் ருசிக்காக மட்டும் இல்லை. வெறும் சர்க்கரைப் பாகு ஆறினால் பூத்துப் போகும், பளபளப்புப் போய் வெள்ளை வெள்ளையாக மணல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிய வீடுகளில் புழங்கும் ஜோஹாகுதோ என்ற ஈரப்பதமான வெள்ளைச் சர்க்கரையில் இதைத் தடுக்கும் வேறு சர்க்கரைகள் கொஞ்சம் கலந்தே வருகின்றன, அதனால் அங்கே உள்ள செய்முறைகளில் சில சமயம் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் இருக்கும். நம் கடையில் கிடைக்கும் சர்க்கரை அப்படி இல்லை, படிகம் பிடிக்கத் தயாராக நிற்கும். தேனில் உள்ள குளுக்கோசும் ஃப்ரக்டோசும், வினிகரின் புளிப்பும் சேர்ந்து அதைத் தடுக்கும். மிசு அமே என்பது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் கெட்டியான நிறமற்ற பாகு, அதுவும் இதே வேலையைச் செய்யும். தேன் சேர்த்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

சோயா சாஸ் ஜப்பானிய வகையாக இருந்தால் நல்லது. கறுகறுவென்று கெட்டியாக வரும் சீன டார்க் சோயா சாஸ் போட்டால் பாகு தார் நிறத்துக்குப் போய்விடும். சோயா சாஸே இல்லையென்றால் இரண்டு சிட்டிகை உப்பு போடுங்கள், ஆனால் அந்த வறுத்த வாசனை கிடைக்காது.

வெட்டுவது

கிழங்கை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், தோலைச் சீவ வேண்டாம். தோல்தான் துண்டைப் பிடித்து வைத்திருக்கும், அந்த ஊதா நிறமும் மஞ்சள் சதையும் பாகுக்குள் தெரிவதுதான் இதன் அழகு. காய்ந்த முனைகளையும் கறுத்த புள்ளிகளையும் மட்டும் நீக்குங்கள்.

ஜப்பானில் இதற்கு ரன்கிரி என்ற வெட்டு. கிழங்கைப் பலகையில் நீளவாட்டில் படுக்க வைத்து, கத்தியைச் சாய்வாகப் பிடித்து முனையில் ஒரு வெட்டு. கத்தியை அப்படியே அதே சாய்வில் வைத்துக்கொண்டு, கிழங்கைக் கால் சுற்று உங்கள் பக்கம் உருட்டுங்கள். இப்போது வெட்டிய முகம் மேல் பக்கம் வந்திருக்கும். அந்த முகத்தின் நடுவில் கத்தி இறங்கும்படி அடுத்த வெட்டு. மறுபடி கால் சுற்று, மறுபடி வெட்டு. விழும் துண்டு எதுவும் சதுரமாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு முகமும் கூரான ஓரங்களும் இருக்கும். முகம் அதிகம் என்றால் மொறுமொறுப்பாகும் பரப்பு அதிகம், பாகு பிடிக்கும் இடமும் அதிகம். கூரான ஓரங்கள் முதலில் சிவந்து அங்கே மட்டும் ஓடு கொஞ்சம் தடிப்பாக வரும். வட்டமாக வெட்டினால் இது கிடைக்காது, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கிழங்கு ரொம்பப் பருமனாக இருந்தால் முதலில் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்துவிட்டு அப்புறம் ரன்கிரி போடுங்கள்.

துண்டு ஒன்று 25, 30 கிராம் இருக்கட்டும், இரண்டு கடியில் முடியும் அளவு. உருவம் எப்படி இருந்தாலும் கனம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சின்னது கருகும்போதும் பெரியது வெந்திருக்காது.

வெட்டும்போதே வெள்ளையாகப் பால் கசியும், விட்டால் அந்த இடம் கறுக்கும். வெட்ட வெட்ட ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறினால் போதும், தண்ணீரை ஒரு தடவை மாற்றுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்தும் நிறம் மாற்றும் சத்தும் போய்விடும். மணிக்கணக்கில் ஊற வைத்தால் ருசியும் தண்ணீரோடு போய்விடும்.

அப்புறம் துடைக்க வேண்டும். வடிகட்டியில் கொட்டி நாலு தடவை குலுக்கினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், பருத்தித் துண்டில் பரப்பி இன்னொரு துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்வரை அந்தப் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாதவரை சிவக்காது. எண்ணெய்ச் சட்டியில் ஈரம் ஒரு நிமிடத்தில் கொதித்துப் போகும். ஏர் ஃப்ரையரில் இருப்பது சூடான காற்று மட்டும்தான், அது அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தாது.

முதல் சூடு: 120 டிகிரி, 20 நிமிடம்

துடைத்த துண்டுகளை ஒரு அகலமான பாத்திரத்தில் போட்டு, எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி விட்டுக் கையாலேயே புரட்டுங்கள். ஒவ்வொரு முகமும் மினுங்க வேண்டும், அடியில் எண்ணெய் தேங்கக் கூடாது. எண்ணெயே இல்லாமல் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம், சுட்ட கிழங்கு கிடைக்கும், தைகாக்கு இமோ கிடைக்காது. பொரித்த ஓடு மாதிரி வருவதற்கு இந்த மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் ஆதாரம். பாகு உள்ளே ஊறிவிடாமல் கொஞ்ச நேரம் தடுப்பதும் அதுதான்.

கூடையில் ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நாலு லிட்டர் கூடையில் 500 கிராம் சரியாக இருக்கும். மேலே மேலே குவித்தால் கிழங்கு விடும் நீராவியிலேயே வெந்து குழையும். முன்சூடு வேண்டாம். குளிர்ந்த மெஷினில் வைத்து 120 டிகிரி, 20 நிமிடம். உங்கள் மெஷினில் 120 இல்லை, 140-ல்தான் ஆரம்பிக்கிறது என்றால் 15 நிமிடம்.

இவ்வளவு குறைந்த சூடு எதற்கு? சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது, பீட்டா அமிலேஸ் என்று பெயர். கிழங்கின் உட்பக்கம் ஏறக்குறைய 65-லிருந்து 75 டிகிரி வரை இருக்கும்போது மாவுச்சத்து இளகிக் கொடுக்கும், நொதியும் உயிரோடு இருக்கும், அந்த நேரத்தில்தான் கிழங்கு தானாக இனிக்கிறது. அதற்கு மேல் சூடு ஏறினால் நொதி செயலிழந்துவிடும். 200 டிகிரியில் ஆரம்பித்தால் இந்த இடத்தை விறுவிறுவென்று கடந்துவிடுவீர்கள். மைக்ரோவேவில் வேக வைத்த கிழங்கு சப்பென்று இருப்பதும், சூடான கூழாங்கற்களில் நெடுநேரம் சுடும் ஜப்பானிய யாகி இமோ தேனாக இருப்பதும் இதனால்தான். ஜப்பானிய வீடுகளில் தைகாக்கு இமோ பொரிக்கும்போது கிழங்கைக் குளிர்ந்த எண்ணெயிலேயே போட்டு அப்புறம் அடுப்பைப் பற்ற வைக்கும் முறை ஒன்று உண்டு, மெதுவாகச் சூடேற விடுவதுதான் அதிலும் சூட்சுமம். நாம் அதைக் காற்றில் செய்கிறோம்.

20 நிமிடம் ஆனதும் மூங்கில் குச்சியால் பெரிய துண்டாகப் பார்த்துக் குத்துங்கள். தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். நடுவில் நறுக்கென்று தட்டினால் இன்னும் நாலைந்து நிமிடம் அதே சூட்டில் விடுங்கள். இந்தக் கட்டத்தில் துண்டுகள் வெளிறி, தொட்டால் காய்ந்த தோல் மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது சூடு: 190 டிகிரி, 8 முதல் 10 நிமிடம்

மீதி அரை மேசைக்கரண்டி எண்ணெயைத் துண்டுகள் மேல் பிரஷ்ஷால் தடவுங்கள் அல்லது ஸ்ப்ரே செய்யுங்கள். ஏரோசால் டப்பாவில் வரும் ஸ்ப்ரே சில கூடைகளின் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படியும், அதனால் எண்ணெய் ஊற்றி அழுத்தும் சாதா ஸ்ப்ரே பாட்டில் போதும். பிறகு 190 டிகிரி. ஐந்தாவது நிமிடத்தில் கூடையை வெளியே எடுத்து மெதுவாக ஒரு குலுக்கு, துண்டுகள் இப்போது மென்மையாக இருக்கும், வேகமாகக் குலுக்கினால் ஓரம் உதிரும். எட்டாவது நிமிடத்திலிருந்து கண் வையுங்கள். ஓரங்கள் தேன் நிறத்திலிருந்து பழுப்புக்குப் போய், முகங்களில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் ஆயிற்று. ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து இன்னொன்றின் மேல் தட்டிப் பாருங்கள், சரசரவென்று காய்ந்த சத்தம் வர வேண்டும்.

பாகு

கிழங்கு இரண்டாவது சூட்டுக்குப் போன ஐந்தாவது நிமிடம், குலுக்கி வைத்த கையோடு பாகை ஆரம்பியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். கிழங்கு ஆறிவிட்டால் பாகு அதன் மேல் பட்டதும் கட்டி கட்டியாக உறையும், மெல்லிசாகப் பரவாது. பாகு முந்திவிட்டாலாவது ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மீட்கலாம், ஆகவே சந்தேகம் வந்தால் கிழங்குக்காகப் பாகைக் காக்க வையுங்கள், பாகுக்காகக் கிழங்கைக் காக்க வைக்காதீர்கள்.

கிழங்கு முழுதும் கொள்ளும் அகலமான வாணலி எடுங்கள். சர்க்கரை, தண்ணீர், தேன், வினிகர், சோயா சாஸ் எல்லாவற்றையும் போட்டு, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே ஒரு தடவை கலக்கிவிடுங்கள். மிதமான தீ. சர்க்கரை கரைந்து கொதி வந்த பிறகு கரண்டியை உள்ளே விட வேண்டாம், வாணலியின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். கிளறக் கிளறத்தான் பாகு பூக்கும்.

இப்போது குமிழைப் பாருங்கள். முதலில் தண்ணீர் கொதிப்பது போல மடமடவென்று வந்து உடனே உடையும் குமிழ்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சத்தம் அடங்கும், குமிழ் ஒவ்வொன்றும் உடைய நேரம் எடுக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், வாணலியைச் சாய்த்தால் பாகு தண்ணீராக ஓடாமல் வழுவழுவென்று நகரும். நம்மூர் கணக்கில் ஒரு கம்பிப் பதத்தைக் கொஞ்சம் தாண்டிய இடம், தெர்மாமீட்டர் இருந்தால் 112-லிருந்து 115 டிகிரி. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மெத்தென்று திரள வேண்டும். அடுப்பை அணையுங்கள்.

கூடையிலிருந்து கிழங்கை நேராக வாணலியில் கொட்டி, ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். குத்தக் கூடாது. அரை நிமிடத்தில் எல்லா முகமும் பளபளக்கும். வறுத்த எள்ளை அந்த ஈரத்திலேயே தூவினால்தான் ஒட்டும். எள்ளை முன்கூட்டியே வெறும் வாணலியில் படபடக்கும்வரை வறுத்து வைத்திருங்கள். பச்சை எள் சும்மா நிறத்துக்குத்தான் ஆகும்.

பாகு கையில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு விடாது. புரட்டும் நேரத்தில் குழந்தைகள் அடுப்புப் பக்கம் வேண்டாம். ருசி பார்க்கும் ஆசை யாருக்கு இருந்தாலும் ஐந்து நிமிடம் பொறுக்கட்டும், பாகுக்கு உள்ளே இருக்கும் கிழங்கும் நாக்கைச் சுடும் சூடுதான்.

கடினமான, கண்ணாடி மாதிரி பாகு வேண்டுமானால்

மேலே சொன்னது வழுவழுப்பான பாகு, தோக்கியோ பக்கம் இதுதான் அதிகம். பற்களில் மொறுக்கென்று உடையும் கெட்டிப் பாகும் ஒரு வகை, மேற்கு ஜப்பானில் சூகா பொத்தேத்தோ என்ற பெயரில் விற்பது அந்த ஜாதி. சீனாவில் கிழங்கையோ ஆப்பிளையோ கொதிக்கும் சர்க்கரைப் பாகில் புரட்டி, நூல் நூலாக இழுபடும்போதே மேசைக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கிச் சாப்பிடும் பாஸ்ஸு முறைக்கு இது நெருங்கிய சொந்தம்.

இதற்குச் சோயா சாஸை விட்டுவிட்டு இரண்டு சிட்டிகை உப்பு போடுங்கள், ஏனென்றால் அவ்வளவு சூட்டில் சோயா சாஸ் கசக்கும். தேனுக்குப் பதில் மிசு அமேயோ, கேக் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோசோ போடுவது நல்லது, தேன் சீக்கிரம் கருகும். மெத்தென்று திரளும் பதத்தைத் தாண்டி இன்னும் இரண்டு மூன்று நிமிடம் மிதமான தீயில் விடுங்கள். வெளிர் மஞ்சளுக்கு வரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும். கடலை உருண்டைக்குப் பாகு பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. 145, 150 டிகிரி. அங்கிருந்து கருகுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, அடுப்பை விட்டு நகராதீர்கள். புரட்டியதும் எண்ணெய் தடவிய தட்டில் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள், ஒட்டவிட்டு ஆறினால் பிரிக்கும்போது ஓடோடு பெயர்ந்து வரும். மழைக்காலத்தில் இந்த வகை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து அரை மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும், அந்த நாட்களில் முதல் வகையே மேல்.

கூடைக்குள் போகக் கூடாதவை

பாகு தடவிய கிழங்கை மறுபடி ஏர் ஃப்ரையரில் வைத்து மொறுமொறுப்பாக்கலாம் என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். பாகு இளகிக் கூடையின் ஓட்டை வழியாகச் சொட்டும், கீழ்த்தட்டில் கருகிப் புகையும், மின்விசிறி அந்தப் புகை வாசனையைக் கிழங்கிலேயே திருப்பி ஏற்றும். எள்ளும் அப்படித்தான், அது ரொம்ப லேசு, காற்றில் பறந்து மேலே சூடேற்றும் கம்பிச் சுருளில் போய் ஒட்டும். பார்ச்மெண்ட் தாள் போடுபவர்கள் அதன் மேல் கிழங்கு முழுக்க இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் தாள் தூக்கிக்கொண்டு கம்பிச் சுருளைத் தொட்டால் பற்றிக்கொள்ளும். இந்தப் பண்டத்துக்குத் தாளே தேவையில்லை என்பது என் கட்சி, அடியிலிருந்து வரும் காற்றை அது மறைக்கிறது.

சரியாக வரவில்லையென்றால்

பாகு பூத்து வெள்ளையாகிவிட்டதா? கிழங்கைப் போடுவதற்கு முன்பே தெரிந்தால் இரண்டு கரண்டி தண்ணீரும் இன்னும் சில சொட்டு எலுமிச்சையும் விட்டு மறுபடி கரைய விட்டுக் காய்ச்சுங்கள், சரியாகிவிடும். கிழங்கில் ஒட்டிய பிறகு பூத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, சாப்பிட நன்றாகவே இருக்கும்.

பாகு எல்லாம் வழிந்து தட்டின் அடியில் குளமாக நிற்கிறதென்றால் பதம் போதவில்லை. கிழங்கு சிவக்காமல் வெளிறியே இருக்கிறதென்றால் பெரும்பாலும் ஈரம், அல்லது கூடையில் கூட்டம். வெளியே சிவந்து உள்ளே நறுக்கென்று இருந்தால் முதல் சூட்டைக் குறைத்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வேறு போடலாமா என்றால், ஒக்கினாவாவின் கொக்குதோ என்ற கரும்புக் கறுப்புச் சர்க்கரையில் ஜப்பானிலேயே செய்கிறார்கள், நம் நாட்டுச் சர்க்கரை அதற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும். மண் இருக்கலாம் என்பதால் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். சீக்கிரம் அடிப்பிடிக்கும், அதனால் வழுவழு வகைக்கு மட்டும். கடைசியில் ஒரு சின்னத் துண்டு வெண்ணெய் போட்டுப் புரட்டுவதும் நன்றாக இருக்கும், இதில் உப்பு வெண்ணெய்தான் என் தேர்வு. பட்டைத்தூள் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, கிழங்கின் சொந்த வாசனையை அது அமுக்கிவிடுகிறது.

செய்த அன்றே சாப்பிடுவது உத்தமம். வழுவழு வகையை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம், கெட்டியாகிவிட்டால் மைக்ரோவேவில் 20, 30 விநாடி வைத்தால் இளகும், மொறுமொறுப்பு மட்டும் திரும்பாது. விருந்தாளிகளுக்காக முன்கூட்டியே செய்வதென்றால் முதல் சூட்டோடு நிறுத்தி, ஆற வைத்து, ஃப்ரிட்ஜில் மூடி வையுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு இரண்டாவது சூடு, இந்தத் தடவை 12 நிமிடம், அதே நேரத்தில் பாகு. ஒரு கிலோ செய்ய வேண்டுமானால் கிழங்கை இரண்டு ஈடாகப் போடுங்கள், பாகையும் இரண்டு தடவையாகவே காய்ச்சுங்கள். வாணலி பிசினாக ஒட்டியிருந்தால் தேய்த்து மல்லுக்கட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டால் பாகு எல்லாம் தானாகக் கரைந்துவிடும்.